மருத்துவம் வளர்ந்த பிறகும் மனிதரில் இயற்கைத் தேர்வு நடக்கிறதா?

நடக்கிறது. ‘வலியவன் பிழைப்பான்’ என்று புரிந்துகொள்வதால்தான் குழப்பம். கணக்கில் வருவது யாருக்கு எத்தனை பிள்ளைகள் தங்கின என்பதுதான்; அதிகம் தங்கியவர்களின் மரபுப் பண்பு அடுத்தடுத்த தலைமுறைகளில் பெருகும்.

பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் குடித்தாலே சிலருக்கு வயிறு உப்பிக் கடமுடா என்னும்; சிலர் சொம்பைக் காலி செய்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். குட்டிப் பருவம் முடிந்ததும் பாலூட்டிகளுக்கு, பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கவைக்கும் லாக்டேஸ் நொதி குறைவதுதான் வழக்கம். கால்நடை வளர்த்துப் பால் குடித்த கூட்டங்கள் சிலவற்றில், அது குறையாமல் காக்கும் மரபணு மாற்றம் கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் பரவியது. ஐரோப்பாவில் ஒரு மாற்றம், கிழக்கு ஆப்பிரிக்காவில் வேறொன்று. இந்தியாவில் பெரும்பாலும் ஐரோப்பிய வகையே. வடமேற்கில் அதிகம், தெற்கே குறைவு.

சரி, பாலியல் தேர்வு? துணை கிடைப்பதில் யார் முந்துகிறார் என்பது அது. அதுவும் உண்டு, ஆனால் அளப்பது சிரமம். நம் ஊரில் துணையைத் தேர்ந்தெடுப்பதே பாதி நேரம் பெற்றோரும் ஜாதகமும்தானே!