வாசகர் கேள்வி: அரசுக்குள்ளும் அரசுகளுக்கிடையிலும்

கேள்வி: உயர்தரத்தில் அரசறிவியல் கற்ற நான், இப்போது பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் சர்வதேச உறவுகளையும் ஒப்பீட்டு அரசியலையும் ஒருசேரப் படிக்கிறேன். இரண்டும் அரசுகளைப் பற்றியே பேசுவதால் எல்லை எங்கே என்பது விளங்கவில்லை. விளக்குவீர்களா?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: பேசுபொருள் ஒன்றாயினும் கேட்கப்படும் கேள்விகள் வேறு. ஒத்த தொடக்கம் கொண்ட நாடுகள் பின்னர் ஏன் வெவ்வேறு வழிகளில் சென்றன என்பது ஒப்பீட்டு அரசியலின் முக்கியக் கேள்விகளில் ஒன்று. பிரித்தானிய மரபிலான பாராளுமன்ற முறையுடன் சுதந்திரம் பெற்ற இந்தியாவும் இலங்கையும் இதற்கு நல்ல உதாரணம். இந்தியா அம்முறையிலேயே நிலைத்தது. இலங்கை 1978இல் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறைக்கு மாறியது. 1977 தேர்தலில் ஏறத்தாழப் பாதி வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி, தொகுதிவாரித் தேர்தல் முறையின் காரணமாக 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியிராவிட்டால், அம்மாற்றம் அத்தனை எளிதாக நிகழ்ந்திருக்காது.

சர்வதேச உறவுகளோ, அரசுகளுக்கு மேல் அவற்றைக் கட்டுப்படுத்தும் பொது அரசாங்கம் எதுவுமில்லாத உலகில் அவை எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று கேட்கிறது. 1952ஆம் ஆண்டின் இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். கம்யூனிசத்தை உறுதியாக எதிர்த்த டட்லி சேனநாயக்கவின் அரசாங்கமே, அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாமல், கம்யூனிச சீனாவுடன் அதைச் செய்துகொண்டது. அரிசித் தட்டுப்பாடும் இறப்பர் விலை வீழ்ச்சியும் கொள்கையை விட வலிமையாக இருந்தன. சீனாவுக்கு மூலோபாயப் பொருட்களை அனுப்ப வேண்டாமென 1951இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கேட்டிருந்த போதிலும், இலங்கை 1955 வரை அச்சபையில் உறுப்பினராகவே இருக்கவில்லை. சிறிய நாடுகளுக்குத் தெரிவே இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இந்த நிகழ்வை அவசியம் படிக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் தேடும் எல்லை, பாடவிதானத்தில் உள்ள அளவுக்கு நடைமுறையில் தெளிவாக இல்லை. 1987 யூலையில் கொழும்பில் கைச்சாத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம் இரு அரசுகளுக்கிடையிலானது. அதன் தொடர்ச்சியாக அதே ஆண்டில் வந்த 13ஆவது திருத்தமோ, மாகாண சபைகளை உருவாக்கி, நாட்டின் உள் அமைப்பையே மாற்றியது. புதுடில்லியின் அழுத்தத்தையும் தமிழ்நாட்டின் உணர்வையும் விட்டுவிட்டு அத்திருத்தத்தை விளக்க முடியாது. அதேவேளை, காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஏன் இன்றுவரை முழுமையாகப் பகிரப்படவில்லை என்பதை அறிய, கொழும்பின் கட்சி அரசியலையும் இந்திய மாநிலங்களின் அனுபவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் முதல் கட்டுரைக்கு இந்த 13ஆவது திருத்தத்தையே எடுத்துக்கொண்டு, இரு துறைகளின் கேள்விகளையும் தனித்தனியே அதனிடம் கேட்டு எழுதிப் பாருங்கள்.