ரோமர்கள் ட்ரூயிட்களை ஏன் ஒடுக்கினார்கள்?

ட்ரூயிட் என்றால் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்), பிரிட்டன் பகுதிகளில் வாழ்ந்த கெல்டிக் மக்களின் பூசாரி. வெறும் பூசாரி இல்லை. வழக்குத் தீர்ப்பதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் அவர்தான். பூசாரி, வாத்தியார், நாட்டாமை மூவரும் ஒரே ஆளாக இருந்து, பக்கத்து ஊர்களும் அவர் பேச்சைக் கேட்டால்? புதிதாக வந்த ஆட்சிக்கு அவர்தானே முதல் தலைவலி! நரபலியைக் காரணம் காட்டியது ரோம். அது பாதிக் காரணம்தான் என்பேன். பேரரசர் அகஸ்டஸ் ரோமானியக் குடிமக்களுக்கு மட்டும் ட்ரூயிட் வழிபாட்டைத் தடுத்தார். பின்னால் வந்த பேரரசர் கிளாடியஸ் மொத்தமாகவே தடை செய்தார். அப்புறம் கி.பி. 60 வாக்கில் ரோமானியத் தளபதி சுவெட்டோனியஸ் பாலினஸின் படை, வேல்ஸ் கரையோர மோனா தீவில் புகுந்து ட்ரூயிட்களின் புனிதத் தோப்புகளை வெட்டிச் சாய்த்தது.

அதற்காக, கெல்டிக் தெய்வங்களையே ரோமர்கள் ஒழித்தார்கள் என்று நினைக்க வேண்டாம்: இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றருகே உள்ளூர்த் தேவி சுலிஸையும் தங்கள் மினர்வாவையும் ஒன்றாக்கிக் கோயிலே கட்டிக் கும்பிட்டார்கள்.