விறகுப்புரையில் தங்கும் பூனையைப் பழக்க முடியுமா?

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. சில வாரங்களாக ஒரு பெண் பூனை எங்கள் விறகுப்புரையில் தங்குகிறது. மீன்தலை போட்டால், நாங்கள் அடுக்களைக்குள் திரும்பிய பிறகுதான் வந்து தின்கிறது. கிட்டே போனால் தோட்டத்துக்குள் ஓடிவிடுகிறது. வயிறு பெரிதாகத் தெரிகிறது. ஐந்து வயது மகள் அதைத் தூக்க ஆசைப்படுகிறாள். மாமியாரோ, சாக்கில் பிடித்து மீன்சந்தைப் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார். இதைப் பழக்க முடியுமா?

பதில்: முடியும் என்றோ முடியாது என்றோ இப்போதே சொல்வதற்கில்லை. பிறந்து ஏறத்தாழ 2 முதல் 7 வாரம் வரையிலான பருவத்தில் மனிதர் கைபட்டு வளர்ந்த பூனை, பின்னாளில் மிரண்டிருந்தாலும் பெரும்பாலும் மீண்டும் மனிதரிடம் வந்துவிடும். அந்தப் பருவத்தை ஆளரவமே இல்லாமல் தோட்டத்தில் கழித்த பூனை, நீங்கள் எத்தனை மாதம் உணவிட்டாலும் மடியில் ஏறிப் படுப்பது அரிது. உணவு வேளைக்கு வரும், உங்களைக் கண்டு ஓடாமல் இருக்கும், பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடும். எந்த வகை என்பதை அதன் நடத்தையிலிருந்து ஓரளவு கணிக்கலாம். பகலிலும் கண்ணில் படுவது, தொலைவில் நின்றாவது உங்களைப் பார்த்துக் கத்துவது, வாலைச் செங்குத்தாக உயர்த்தி வருவது ஆகியவை வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட பூனையின் அடையாளங்கள். இருட்டிய பிறகே வந்து, ஓசையின்றித் தரையோடு தரையாகப் பதுங்கி நகர்வது தோட்டத்திலேயே பிறந்த பூனையாக இருக்கலாம்.

உங்கள் வீடு மலையடிவாரத்தை ஒட்டியிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீண்ட கால்கள், நுனியில் கறுப்பு வளையங்கள் கொண்ட குட்டை வால், காது நுனியில் சிறு மயிர்க்கற்றை ஆகியவை தெரிந்தால் அது காட்டுப்பூனை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதைப் பழக்க முயலாமல் வனத்துறையிடம் தெரிவித்துவிடுங்கள்.

வீட்டுப் பூனைதான் என்றால் உணவிலிருந்து தொடங்கலாம். சாளை, நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், அவற்றிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1 சத்தை அழித்து நரம்புக் கோளாற்றை உண்டாக்கும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்து, முள் நீக்கிக் கொடுங்கள். மீனையே நாள்தோறும் கொடுக்காமல் அவித்த கோழி இறைச்சியையும் முட்டையையும் இடையிடையே சேர்ப்பது நல்லது. மீன்குழம்பு ஊற்றிய சோறோ கிழங்கோ வேண்டாம்; குழம்பிலுள்ள உள்ளியும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும், மாவுச்சத்து மட்டும் அதற்குப் போதவும் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கைத் தரும் என்பதால் தண்ணீரே போதுமானது. தட்டை அரைமணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் எறும்பு மட்டுமல்ல, தெருநாயும் மரநாயும் வரத் தொடங்கும், பூனை அந்த இடத்தையே தவிர்த்துவிடும்.

பழக்குவதில் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே தட்டில், ஒரே மாதிரி குரல் கொடுத்து உணவை வையுங்கள். பூனை எந்தத் தொலைவில் நீங்கள் இருந்தால் தின்கிறதோ, அந்தத் தொலைவிலேயே சில நாள் தரையில் அல்லது தாழ்ந்த பலகையில் பக்கவாட்டாகத் திரும்பி அமர்ந்திருங்கள். நிற்கும் மனிதர் அதன் கண்ணுக்கு மிகப் பெரிய உருவம். அதை நேராக முறைத்துப் பார்ப்பது மிரட்டலாகத் தோன்றும். கண்கள் சந்தித்துவிட்டால் மெல்ல இமையை மூடித் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தலைதூக்கிப் பாராமல் தின்று முடிக்கும் நிலை வந்த பிறகே ஓரடி நெருங்க வேண்டும். அது தின்பதை நிறுத்தினாலோ, காதைப் பக்கவாட்டில் மடக்கினாலோ, வால் நுனியைச் சொடுக்கினாலோ மறுநாள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுங்கள். முதலில் தொட வேண்டியது அதுவே, நீங்கள் அல்ல. அது தானாக வந்து உங்கள் காலிலோ நீட்டிய விரலிலோ உரசினால் கன்னத்தையும் தாடையையும் தடவலாம். வயிற்றிலும் வாலடியிலும் கை வைக்காதீர்கள். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

இனி வயிற்றைப் பற்றி. முலைக்காம்புகள் சிவந்து தடித்திருந்தால் அது சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம். வயிறு வெளியே தெரிகிறது என்றால் பாதி கடந்திருக்கும். இந்நிலையில் துரத்திப் பிடிக்க வேண்டாம். விறகுப்புரையின் உள்மூலையில், மழைநீர் எட்டாதபடி செங்கல் மேல் ஒரு மரப்பெட்டியைப் படுக்கவைத்துப் பழைய பருத்தித் துணி விரியுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும் நம் மாவட்டத்தில் நனையாத ஓரிடம் உணவுக்கு இணையான உதவி. குட்டி போட்டால் முதல் சில நாள்கள் எட்டிப் பார்க்காதீர்கள். தொந்தரவு என்று தோன்றினால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறிவிடும். தாய் உணவுக்கு வெளியே வரும் வேளையில், மூன்றாம் வாரத்திலிருந்து குட்டிகளை நாள்தோறும் சிறிது நேரம் கையில் எடுத்துப் பழக்குங்கள். உங்கள் மகளின் ஆசை பெரும்பாலும் இந்தக் குட்டிகளால்தான் நிறைவேறும்.

பால்கொடுக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகக்கூடும். ஆகவே குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கி எட்டு வாரம் ஆனதும் அதற்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவது அவசியம். கதவைத் திறந்து கட்டிய கூண்டுக்குள் சில நாள் உணவு வைத்துப் பழக்கி, பிறகு ஒருநாள் கதவை மூடி, உடனே துணியால் போர்த்திவிட்டால் பூனை அடங்கிவிடும். கால்நடை மருத்துவமனையில் பூனைக்கு இந்தச் சிகிச்சை உண்டா, எந்த நாளில் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதே வேளையில் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுவிடலாம். பின்னர் விறகுப்புரையிலேயே விட வேண்டும்.

காயமோ காய்ச்சலோ இருப்பதாகத் தோன்றினால் வீட்டு மருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். டெட்டாலும், நாய்க்குரிய உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவையும் அதற்கு நஞ்சு.

குழந்தை தனியாக அதன் அருகே செல்லக் கூடாது. யாரையாவது கடித்தாலோ நகம் பட்டு இரத்தம் வந்தாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோலைக் கிழித்து இரத்தம் வந்த கடியோ கீறலோ என்றால் தடுப்பூசியுடன், ரேபிஸ் கிருமியை உடனடியாக எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும், அதற்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பூனையின் பல் ஊசிபோல் இறங்குவதால் வெளிக்காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும்.

மாமியாரின் யோசனையை நான் ஏற்கவில்லை. சாக்கில் பிடிக்கும்போதே யாராவது கடிபடுவார்கள். சந்தையில் ஏற்கெனவே உள்ள பூனைகள் அதைத் துரத்தும். இங்கே காலியான இடத்துக்கு, கருத்தடை செய்யாத வேறொரு பூனை வரும். இதுவே தங்கினால் எலித்தொல்லை குறையும் என்று அவரிடம் எடுத்துச் சொல்லலாம். ஆனால் வீட்டிலோ தோட்டத்திலோ எலி மருந்து வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்; புரோமடியலோன் தின்ற எலியைத் தின்னும் பூனைக்கும் உள்ளே இரத்தம் கசியும்.