‘கிளிம்மர்’: ஒரு சொல், மூன்று தமிழ்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘கிளிம்மர்’ என்ற சொல் அதில் மூன்று இடங்களில் வருகிறது. இரவில், தொலைதூரக் கடலில் ஒரு படகின் விளக்கு ‘கிளிம்மர்’ செய்கிறது. நினைவு தப்பிய தாயின் கண்ணில், மகனை அடையாளம் தெரிந்துகொண்டதன் ‘கிளிம்மர்’ தோன்றுகிறது. கடைசியில், மருத்துவரின் குரலில் நம்பிக்கையின் ‘கிளிம்மர்’கூட இல்லை. அகராதியில் ‘மங்கிய ஒளி’ என்றிருந்ததால் மூன்று இடத்திலும் அதையே எழுதினேன். முதல் வாக்கியத்தில் உயிரில்லை என்கிறாள் என் மகள். இரண்டாவது புரியவில்லையாம். குரலில் எப்படியம்மா ஒளி வரும் என்று மூன்றாவதைக் கேட்கிறாள். நான் எங்கே தவறினேன்?

பதில்: அகராதி தந்த பொருளில் தவறில்லை அம்மா. அது பாதிப் பொருள். மீதிப் பாதி அந்தச் சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டால் உங்கள் மூன்று வாக்கியங்களும் தாமாகவே வழிக்கு வரும்.

ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றால் ஒருமுறை தட்டுவது. அதனோடு ‘அர்’ என்ற விகுதி சேர்ந்து ‘பேட்டர்’ ஆனால், மழைத்துளி கூரையில் விழுவதுபோல விடாமல் தட்டிக்கொண்டே இருப்பது. ஒரு செயல் சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதைக் காட்டும் விகுதி அது. ‘ஃபிளிக்கர்’, ‘கிளிட்டர்’, ‘ஷிம்மர்’ எல்லாம் அதே வார்ப்புதான். ‘கிளிம்மர்’ என்பதிலும் வெளிச்சம் குறைவு என்ற செய்தியோடு, அது நிலையாக நிற்கவில்லை, வந்து வந்து போகிறது என்ற செய்தியும் சேர்ந்தே வருகிறது. ‘மங்கிய ஒளி’ என்று எழுதும்போது குறைவு வந்துவிடுகிறது, அசைவு விடுபடுகிறது. முதல் வாக்கியத்தில் உயிரில்லை என்று உங்கள் மகளுக்குத் தோன்றியதற்கு இதுதான் காரணம்.

ஆங்கிலம் விகுதியால் செய்யும் இந்த வேலையைத் தமிழ் இரட்டித்துச் செய்கிறது. சலசல, படபட, தகதக என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். ஆகவே இந்தச் சொல்லுக்கு ஈடு தேடும்போது பெயர்ச்சொற்களின் பக்கம் போவதைவிட, இரட்டித்து ஒலிக்கும் சொற்களின் பக்கம் போவது பயன் தரும். ஒரே ஒரு எச்சரிக்கை: ‘மினுமினுப்பு’ கைக்கு எளிதாக வந்து நிற்கும், எடுத்துவிடாதீர்கள். எண்ணெய் தேய்த்த உடம்பும் பழுத்த மாம்பழத் தோலும் மினுமினுப்பாக இருக்கும். அது வழவழப்பின் ஒளி. அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு.

2018 நவம்பரில் கஜா புயல் கடந்துபோன பிறகு, எங்கள் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு சிம்னி விளக்கு வைத்திருப்பார்கள். கண்ணாடியில் கரி படிந்து, அடியில் பழுப்பும் மேலே கறுப்புமாக இருக்கும். திரியைக் குறைத்து வைத்திருப்பார்கள், மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாக இருந்ததால். அந்த வெளிச்சத்தில் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. யாரோ இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். காற்று அசைந்தால் கரிக்குள்ளே ஒரு மஞ்சள் புள்ளி சுருங்கும், பிறகு விரியும். அந்த வீட்டுக் கிழவி அதைப் பார்த்து, “முணுக் முணுக்குன்னு எரியுது, அணைஞ்சிடப் போவுது” என்றார். பல வருடங்களாக நான் தேடிக்கொண்டிருந்த சொல் அன்றைக்கு எதிர்த் திண்ணையிலிருந்து வந்தது. விளக்கைப் பொறுத்தவரை ‘கிளிம்மர்’ என்பதற்கு ‘முணுக் முணுக்கென்று எரிந்தது’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கதையில் விளக்கு தூரத்தில் இருக்கிறது. அருகிலுள்ள விளக்கு அசைவது காற்றில் சுடர் ஆடுவதால். தூரத்து விளக்கு நிலையாக எரிந்தாலும் நம் கண்ணுக்கு அசையும், ஏனென்றால் இடையில் கிடக்கும் காற்றின் வெப்பமும் அடர்த்தியும் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. விண்மீன்கள் கண்சிமிட்டுவதும் இதனால்தான். தூரத்துக்கு ‘மினுங்கு’ என்ற வினை நன்றாகப் பொருந்தும். ஈழத்து எழுத்தில் இந்தச் சொல் இயல்பாக வரும், தமிழ்நாட்டில் நாம்தான் அதைக் கைநழுவ விட்டுவிட்டோம். ‘கடலில் வெகுதொலைவில் ஒரு படகின் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது’ என்று எழுதிப் பாருங்கள். ‘மினுக்கியது’ என்று மட்டும் எழுதாதீர்கள். மினுங்குவது தன்னால் நடப்பது, மினுக்குவது செய்து காட்டுவது. பாத்திரத்தைத் தேய்த்து மினுக்குவார்கள். ஆடை அணிந்து மினுக்குபவர்களை ஊர் ‘மேனாமினுக்கி’ என்கிறது. பாவம், உங்கள் படகு விளக்குக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

இந்தச் சொல்லின் பிறப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஆங்கில நூல்களைப் பெயர்ப்பவர்கள் இதில் இடறுவதுண்டு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல் வழக்குக்கு வந்தபோது, ‘பிரகாசமாக ஒளிர்தல்’ என்ற பொருளே இருந்தது. 15ஆம் நூற்றாண்டில்தான் மங்கலின் பக்கம் சாய்ந்தது. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல்லான ‘கிளிம்மன்’ என்பதற்குத் தழலின்றிக் கனல்வது என்று பொருள். அதே மொழியில் ‘கிளிம்மர்’ என்றால் அப்பிரகம், அதாவது நாம் காக்காப்பொன் என்று சொல்லும் கனிமம். மணலில் கிடந்து, வெயில்பட்டால் ஒரு கணம் தங்கம்போலக் காட்டி, அருகே போனால் காணாமல் போகும் அந்தத் துகளுக்கு இரண்டு மொழிகளும் எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கின்றன! ஆங்கிலத்தில் கணநேரக் காட்சியைக் குறிக்கும் ‘கிளிம்ப்ஸ்’ என்பதும் இதே குடும்பம். முதலில் அதற்கும் மங்கலாக ஒளிர்வது என்றுதான் பொருள். கொஞ்சநேரமே ஒளிர்ந்தால் கொஞ்சநேரமே காண முடியும், அப்படித்தான் அது பார்வைக்கு நகர்ந்தது.

அக்கம்பக்கத்துச் சொற்களையும் தெரிந்துகொண்டால் குழப்பம் குறையும். ‘கிளோ’ என்பதில் அசைவே இல்லை. அடுப்புத் தணலும் கங்கும் அதற்குரியவை. ‘கிளீம்’ துலக்கிய பித்தளைக் குத்துவிளக்கின் பளபளப்பு. ‘கிளிசன்’ என்றால் பெரும்பாலும் ஈரம் இருக்கும், கண்ணீர் கோத்த கண்போல. ‘கிளிட்டர்’ ஜிகினா வேலை. ‘ஷிம்மர்’ கானல்நீரிலும் பட்டுப் புடவையிலும் தெரியும். ‘கிளின்ட்’ மட்டும் கூர்மையானது: கத்தி முனையில் ஒருமுறை பளிச்சிட்டு மறைவது. அதனால்தான் அது கண்ணில் தெரிந்தால் குறும்போ குரோதமோ இருக்கிறதென்று பொருள். பூச்சி விஷயத்திலும் இந்த வேறுபாடு செல்லும். ஆனைமலைக் காட்டில் 2022இல் மின்மினிகள் ஒன்றாக விட்டுவிட்டு ஒளிர்ந்ததைப் பற்றிச் செய்திகள் படித்திருப்பீர்கள். இங்கிலாந்தின் புல்வெளிகளில் ‘கிளோ வோர்ம்’ என்று ஒரு வண்டு உண்டு. அதில் சிறகில்லாத பெண் வண்டு புல்தண்டில் அமர்ந்து, ஆணை அழைக்க, சிமிட்டாமல் ஒரே சீராக ஒளிரும். ‘கிளோ’ என்ற பெயர் அந்தச் சீருக்குப் பொருந்திவிடுகிறது. ஆங்கிலக் கதையில் அந்த வண்டு வந்தால் ‘மின்மினி’ என்றே எழுதலாம், வேறு வழியில்லை. ஆனால் ‘மின்மினிகள் கண்சிமிட்டின’ என்று எழுதினால் அந்த ஊர்க்காரருக்கு அது பொய்.

இனி உருவகத்துக்கு வருவோம். உங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உருவகமாக வரும்போது இந்தச் சொல் பெரும்பாலும் நல்லவற்றோடுதான் சேரும்: நம்பிக்கை, புரிதல், ஆர்வம், புன்னகை, அடையாளம் தெரிதல். எரிச்சலும் பயமும் முகத்தில் தோன்றி மறைந்தால் ஆங்கிலம் பெரும்பாலும் ‘ஃபிளிக்கர்’ என்று சொல்லும். இருட்டில் தேடுகிறவருக்குத்தான் மங்கல் வெளிச்சம் பெரிதாகத் தெரியும். நாம் வேண்டி விரும்பும் ஒன்று மிகமிகக் கொஞ்சமாக இருக்கிறது என்பதே அங்கே செய்தி. பல இடங்களில் ஒளி தேய்ந்துபோய், அளவு மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆகவே அப்படிப்பட்ட வாக்கியங்களில் ஒளியை மொழிபெயர்க்க முயலாதீர்கள், அளவை மொழிபெயருங்கள். அளவைச் சொல்லத் தமிழில் பஞ்சமே இல்லை. இம்மியும், துளியும், எள்ளளவும், மருந்துக்கும், பேருக்கும் என்று எத்தனை! ‘மருத்துவரின் குரலில் மருந்துக்கும் நம்பிக்கை இல்லை’ என்றால் சொல்விளையாட்டாகிவிடும், மரணம் நெருங்கும் கதையில் அது வேண்டாம். ‘மருத்துவரின் குரலில் துளி நம்பிக்கையும் இல்லை’ என்பது போதும்.

எதிர்மறை இல்லாமல், ‘நம்பிக்கையின் கிளிம்மர் இருந்தது’ என்று வந்தால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இது விடியற்காலை மங்கலா, அந்திநேர மங்கலா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இதே சொல்தான். அதன் வாசகர் முன்பின் பார்த்துப் புரிந்துகொள்வார். தமிழில் நாம் ஒரு பக்கம் சாய்ந்தே தீர வேண்டும். நம்பிக்கை இப்போதுதான் தலைகாட்டுகிறது என்றால் தமிழ் செடிகொடிகளிடம் போய்விடும்: துளிர்த்தது, அரும்பியது, முளைவிட்டது. அணையப் போகிறது என்றால் ‘கொஞ்சநஞ்சமிருந்த நம்பிக்கையும்’, ‘எஞ்சியிருந்த நம்பிக்கையும்’ என்று வரும். அறுவைச் சிகிச்சை முடிந்து நோயாளி விரலை அசைக்கும் காட்சியில் நம்பிக்கை துளிர்க்கட்டும். மூன்றாவது முறையாக மருந்தை மாற்றும் காட்சியில் கொஞ்சநஞ்சம்தான் சரி. இரண்டையும் மாற்றிப் போட்டால் கதையே திசைமாறிவிடும். இப்படித் திசைமாறிய மொழிபெயர்ப்புகளைப் படித்து வருந்தியிருக்கிறேன். ஒரு நாவலில், சாகக் கிடக்கும் தந்தைக்கு அத்தியாயம்தோறும் நம்பிக்கை ‘துளிர்த்துக்கொண்டே’ இருந்தது. அவர் இறந்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. மூலத்தில் அவர் முதல் பக்கத்திலிருந்தே அணைந்துகொண்டிருந்தார்.

‘நம்பிக்கைக் கீற்று’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல தொடர்தான், செய்தித்தாள்கள் அதை நிலைநிறுத்திவிட்டன. கீற்று என்றால் கிழிந்த, நீண்ட துண்டு. தென்னங்கீற்று அப்படி, பத்தைக் கீற்றும் அப்படி. கூரை இடுக்கு வழியே வெயில் நேர்கோடாக இறங்கினால் அது ஒளிக்கீற்று. அதில் ஒரு திசை இருக்கிறது, உறுதி இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ரே’ என்பதற்கு அது அச்சாகப் பொருந்தும். ‘கிளிம்மர்’ அதைவிடப் பலவீனமானது. செய்தித் தலைப்புக்குக் கீற்று போதும், கதைக்கு நான் எடுக்க மாட்டேன்.

அண்மையில் இந்தச் சொல்லுக்குப் புதிதாக ஒரு பொருளும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்க உளநலச் சமூகப் பணியாளரான டெப் டேனா 2018இல் வெளிவந்த தம் நூலில் இதைக் கலைச்சொல்லாகக் கையாண்டார். மனத்தைப் பதறவைக்கும் தூண்டல்களுக்கு எதிராக, ‘இங்கே பத்திரமாக இருக்கிறேன்’ என்று உடம்புக்கு உணர்த்தும் மிகச் சிறிய கணங்களை அது குறிக்கிறது. தலையணையில் படுத்த பூனையின் சூடு, தெரிந்தவர் தெருவில் கையசைப்பது போன்றவை. மனநல எழுத்தில் பன்மையில் வந்தால் பெரும்பாலும் இந்தப் பொருள்தான். ‘மின்மினிக் கணங்கள்’ என்று நான் எழுதி வருகிறேன். உங்கள் கதையில் இது இல்லை, ஆனால் மனநலக் கட்டுரை எதையாவது பெயர்க்க நேர்ந்தால் உதவும்.

தாயின் கண்ணைக் கடைசியாக வைத்துக்கொண்டேன், மூன்றிலும் கடினமானது அதுதான். படகில் ஒளி உண்மை. மருத்துவரின் குரலில் ஒளியே இல்லை, அளவு மட்டும். கண்ணில் இரண்டும் கலந்திருக்கின்றன. கண் உண்மையாகவே ஒளிரும் பொருள், அடையாளம் தெரிவதோ மனத்துக்குள் நடப்பது. இங்கே ஒளியை விட்டுவிட்டால் காட்சி போய்விடும், ஒளியை மட்டும் எழுதினால் உங்கள் மகள் சொன்னதுபோலப் புரியாது. ‘அடையாளம் தெரிந்துகொண்டதன் மங்கிய ஒளி’ என்று பெயர்ச்சொற்களை அடுக்காமல், வினையாக உடைத்துப் பாருங்கள். முதலில் கண்ணில் ஏதோ மினுங்கட்டும். அது என்னவென்று அடுத்த சொற்கள் சொல்லட்டும். கதையின் அந்தப் பக்கத்தில் தாய் மகனின் பெயரைச் சொல்வதில்லை என்றால் ‘போல’ என்ற சொல்லும் தேவைப்படும், அவளுக்குத் தெரிந்ததா என்பது மகனுக்கே உறுதியில்லையே. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘அவள் கண்ணில் ஏதோ மினுங்கியது. அவனை யாரென்று தெரிந்துகொண்டவள்போல ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதுவும் இல்லை.’