தாண்டிப்போன நூலகம்

அன்புள்ள சார்,

ஆறு மாதமாக அறிவியல் புனைகதைகளாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். சுஜாதாவின் ஜீனோவில் தொடங்கியது, இப்போது ஆங்கிலத்தில் வெல்ஸ், கிளார்க், லெம், லியு சிஷின் என்று போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் சலித்துவிட்டது. வேறு உலகத்திலிருந்து யாரோ வருகிறார்கள், நாம் பயப்படுகிறோம், அடித்துக்கொள்கிறோம் அல்லது கும்பிடு போடுகிறோம். 1898இல் எழுதியதையே 2008இலும் எழுதினால் இத்தனை புத்தகம் எதற்கு? இன்னொன்று, லெம்மின் 'சோலாரிஸ்' நாவலில் கதாநாயகன் நூலகத்தில் உட்கார்ந்து பழைய ஆராய்ச்சிகளைப் புரட்டும் பக்கங்களை என்னால் தாங்க முடியவில்லை, தாண்டிவிட்டேன். தப்பா?

எம்., திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

தப்பில்லை. நானும் முதல் தடவை அந்தப் பக்கங்களைத் தாண்டித்தான் போனேன். கதாநாயகனின் செத்துப்போன மனைவி உயிரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அடுத்து என்ன ஆகுமோ என்று நமக்குத் தூக்கம் வரவில்லை, அந்த நேரத்தில் கடல் ஆராய்ச்சியின் வரலாற்றை எவன் படிப்பான்? ஆனால் உங்கள் முதல் கேள்விக்கான பதில் நீங்கள் தாண்டிய இடத்தில்தான் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

'வருகிறார்கள்' என்பது வரைக்கும் எல்லாம் ஒரே கதைதான், ஒத்துக்கொள்கிறேன். வந்தவனுக்கு நம்மிடம் என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு நாவலும் ஒவ்வொரு பக்கம் ஓடும்.

வெல்ஸின் 'உலகங்களின் போர்' (1898) நாவலில் வரும் செவ்வாய்க்காரர்களுக்கு நம் நிலம் வேண்டும், நம் ரத்தமும் வேண்டும். முதல் அத்தியாயத்திலேயே மனிதர் டாஸ்மானியாவை இழுத்துவிடுகிறார்: அந்தத் தீவின் மக்களை ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பது வருடத்தில் துடைத்துப் போட்டார்களே, அப்படிப்பட்ட நாம் செவ்வாய்க்காரனைக் குறை சொல்ல என்ன யோக்கியதை என்கிறார். லண்டனுக்குப் பக்கத்தில் வோக்கிங் என்ற ஊரில் குடியிருந்தபோது, எந்தெந்த இடத்தைக் கொளுத்தலாம் என்று சைக்கிளில் சுற்றிப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருந்தால் வணக்கம் சொல்லியிருக்க மாட்டார்கள்! ஊரெல்லாம் பிடித்து ஆண்டுகொண்டிருந்த பேரரசின் குடிமகனிடம், இதே காரியம் உன் தெருவில் நடந்தால் என்ன செய்வாய் என்று கேட்க அவருக்கு வேற்றுக்கிரகத்து ஆள் தேவைப்பட்டான்.

1956இலிருந்து சாகும்வரை இலங்கையில் வாழ்ந்த கிளார்க்கின் 'ராமா' (1973) இதற்கு நேர் எதிர். ஐம்பது கிலோமீட்டர் நீளத்தில் ஒரு உருளை சூரியக் குடும்பத்துக்குள் வருகிறது, நம் ஆட்கள் உள்ளே இறங்கிச் சுற்றிப் பார்க்கிறார்கள், அது சூரியனிடம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போயே போய்விடுகிறது. நம்மைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கிளார்க்குக்கு மனிதர்களை எழுத வராது, அந்த அலட்சியத்தை எழுத வரும்.

இதே அலட்சியத்தை வயிற்றில் குத்துகிற மாதிரி எழுதியவர்கள் ருஷ்யாவின் ஸ்துருகாட்ஸ்கி சகோதரர்கள். உங்கள் பட்டியலில் அவர்கள் இல்லை, உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். 'சாலையோரப் பிக்னிக்' 1972இல் பத்திரிகையில் வந்தது. வேற்றுக்கிரகத்தார் வந்து போய்விட்ட பிறகுதான் கதையே தொடங்குகிறது. அவர்கள் இறங்கிய இடங்களில் விசித்திரமான பொருட்கள் கிடக்கின்றன, உயிரைப் பணயம் வைத்து அவற்றைத் திருடி விற்றுப் பிழைப்பவன் ரெட் என்பவன். இவையெல்லாம் என்ன, எதற்கு விட்டுப் போனார்கள் என்று கேட்டால் நாவலில் வரும் விஞ்ஞானி ஒருவர் ஒரு பிக்னிக்கைக் கற்பனை செய்யச் சொல்கிறார். காட்டு வழியில் காரை நிறுத்தி இளவட்டங்கள் இறங்குகிறார்கள், இரவெல்லாம் நெருப்பு மூட்டிப் பாட்டு, விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஒளிந்திருந்த எலியும் பூச்சியும் மெல்ல வெளியே வந்து பார்க்கின்றன: சிந்திய எண்ணெய், ஸ்பார்க் பிளக், ஆப்பிள் கொட்டை, மிட்டாய்க் காகிதம், யாரோ தவறவிட்ட பேனாக்கத்தி. நம் மொத்த விஞ்ஞானமும் அந்த எலி ஸ்பார்க் பிளக்கை முகர்ந்து பார்ப்பதுதான். இந்த நாவல் சோவியத்தில் புத்தகமாக வர எட்டு வருடம் இழுத்தடித்தார்கள், அதுவும் அரசியலுக்காக இல்லை, கதாபாத்திரங்கள் குடிக்கிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார்கள் என்ற ரீதியில்!

லியு சிஷின் 'மூவுடல் சிக்கல்' (2008) நாவலில் வேறு இடத்திலிருந்து வருகிறார். யே வென்ஜியே என்ற பெண் தன் தந்தையை, ஒரு இயற்பியல் பேராசிரியரை, சீனாவின் கலாச்சாரப் புரட்சியின்போது மாணவிகள் பெல்ட்டால் அடித்துக் கொல்வதைக் கண்ணால் பார்க்கிறாள். சில வருடங்கள் கழித்து விண்ணிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி வருகிறது, பதில் போடாதே, போட்டால் உங்கள் உலகம் போய்விடும் என்று. போடுகிறாள். இந்த மனித இனம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது என்று அவளுக்கு முடிவாகிவிட்டது. வெல்ஸிடம் கூப்பிடாமல் வந்தவன், இங்கே கூப்பிட்டு வருகிறான். சீனத்தில் புத்தகமாக்கியபோது அந்தக் கொலைக் காட்சியை நடுவில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள், ஆங்கிலத்தில் கென் லியு அதை முதலுக்குக் கொண்டுவந்தார். நீங்கள் படித்தது இந்த வரிசையில்தான்.

சரி, சோலாரிஸ். ஒரு கிரகம் முழுக்கக் கடல், அந்தக் கடல் யோசிக்கிறது. இரண்டு சூரியன்களுக்கு நடுவில் தன் பாதையைத் தானே சரிசெய்துகொள்கிறது. நீங்கள் தாண்டிய பக்கங்களில் இருப்பது அதைப் புரிந்துகொள்ள மனிதர்கள் சுமார் நூறு வருடம் பட்ட பாடு. அதற்கு உயிர் உண்டா இல்லையா என்று உயிரியல்காரர்களும் இயற்பியல்காரர்களும் அடித்துக்கொள்கிறார்கள். அலை எடுக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர், பெயர்களுக்கு அட்டவணை, அட்டவணைக்கு மறுப்பு. மறுப்புக்கு அலமாரி அலமாரியாகப் புத்தகம். அப்படி ஒரு வடிவம் திடீரென்று வெடித்து 106 பேர் சாகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு தெரிந்தது என்ன? ஒன்றுமில்லை. லெம் நிஜமான கல்விப்புலத்தின் பாஷையிலேயே, சிரிக்காமல் இதை எழுதியிருக்கிறார், தெரிந்து படித்தால் பல இடங்களில் வாய்விட்டுச் சிரிக்கலாம்.

அந்த அலமாரிகளைப் பார்த்துவிட்டு, உயிரோடு வந்த அந்த மனைவி ஹாரேயிடம் வாருங்கள். கதாநாயகன் கெல்வின் அவள் உடையைக் கழற்றப் பார்க்கிறான், முடியவில்லை. பொத்தான்கள் வெறும் அலங்காரம், திறப்பே கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டவேண்டியிருக்கிறது. கடல் அவளை அவன் நினைவிலிருந்து எடுத்துச் செய்திருக்கிறது, நினைவில் உடையின் நிறம் இருக்கும், அது எப்படித் திறக்கும் என்பது இருக்காது என்று நான் புரிந்துகொள்கிறேன். அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்ளக் கையில் ஊசி போட்ட தழும்பு மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அவன் மறக்காதது அதைத்தான். கடைசி அத்தியாயத்தில் கெல்வின் கரையில் நின்று கையை நீட்டுகிறான். அலை தயங்குகிறது, பின்வாங்குகிறது, பிறகு கையைத் தொடாமலே, நடுவில் மெல்லிய காற்று இடைவெளி விட்டு, சுற்றி மூடிக்கொள்கிறது. சில தடவை இப்படி, அப்புறம் அதற்குச் சலித்துவிடுகிறது. இது புதிதல்ல, நூறு வருடமாகத் தெரிந்ததுதான் என்கிறான் கெல்வின். நூலகத்தைத் தாண்டியவருக்கு இந்த வரி சும்மா போய்விடும்.

அதனால் அந்தப் பக்கங்களை மட்டும், வேறு எதையும் படிக்காமல், ஒரு மத்தியானம் உட்கார்ந்து படியுங்கள். ஆரம்பிக்குமுன் ஒன்று பாருங்கள்: உங்கள் பிரதியில் அந்தப் பெண்ணின் பெயர் ரேயா என்று இருந்தால் அது 1970இல் வந்த ஆங்கிலம், போலிஷிலிருந்து பிரெஞ்சுக்குப் போய் அங்கிருந்து வந்தது, லெம்முக்கே அது பிடிக்கவில்லை. போலிஷிலிருந்து நேரே பில் ஜான்ஸ்டன் செய்தது 2011இல் ஒலிநூலாகவும், பிறகு மின்நூலாகவும் வந்திருக்கிறது. அதில் அவள் ஹாரே.