பழைய ஸ்டீரியோ ரிசீவரை அமைத்தலும் இணைத்தலும்: கேள்வி பதில்

ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் அமைந்த 1970களின் ஸ்டீரியோ ரிசீவர்களைப் பல ஆண்டுகளாகத் திறந்து, துடைத்து, பழுது நீக்கி வருகிறேன். அவற்றை வீட்டில் அமைப்பது பற்றி வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் தந்தையார் பயன்படுத்திய ரிசீவர் இருபது ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. இப்போது இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். நேரடியாகச் செருகி ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். பின்பலகையில் அச்சிட்டிருக்கும் மின்னழுத்த அளவை முதலில் படியுங்கள். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்யப்பட்டவை 100 வோல்ட்டிலும், அமெரிக்காவுக்குச் சென்றவை 120 வோல்ட்டிலும், ஐரோப்பாவுக்குச் சென்றவை 220 அல்லது 240 வோல்ட்டிலும் இயங்கும். சிலவற்றில் இந்த அளவை மாற்றும் திருப்பி ஒன்று பின்புறம் இருக்கும். அது உங்கள் வீட்டு மின்சாரத்துக்கு உரிய எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் கருவியை 230 வோல்ட்டில் செருகினால் பியூஸ் மட்டும் போவதோடு தப்பிக்கலாம். தப்பாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே கருகிவிடும், அதற்கு மாற்றுக் கிடைப்பது அரிது.

அடுத்ததாக, சுருள் இழை எரியும் பழைய வகை பல்பு ஒன்றை, 60 அல்லது 100 வாட் அளவில், ரிசீவருக்குச் செல்லும் மின்கம்பியில் தொடராக இணைத்து அதன் வழியாக முதல் முறை மின்சாரம் கொடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்குப் பயன்படாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால், உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்னேற்றம் பெற்று அமைதியடைந்தன என்று பொருள். பிரகாசம் குறையாமல் தொடர்ந்து எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்திவிடுங்கள். மின்சார வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தச் சோதனையைத் தேர்ந்த ரிப்பேர்காரரிடம் விட்டுவிட வேண்டும். மூடியைத் திறந்து பார்க்கும் ஆர்வமுள்ளவர்களும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இவ்வளவும் முடியும்வரை ஸ்பீக்கர்களை இணைக்காதீர்கள். பல்பை நீக்கி நேரடி மின்சாரம் கொடுத்ததும், பாதுகாப்பு ரிலே (ஸ்பீக்கர் இணைப்பைத் தானே திறந்து மூடும் ஸ்விட்ச்) உள்ள ரிசீவர்களில் சில நொடிகள் கழித்து ‘டக்’ என்ற ஒலி கேட்கும். வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் நேர்திசை (டி.சி.) மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நான் நிம்மதியாக ஸ்பீக்கரை இணைப்பேன். வோல்ட் கணக்கில் காட்டினால், ஸ்பீக்கரின் சுருள் எரிந்துபோகும். பழுது நீக்காமல் இணைக்கவே கூடாது.

கேள்வி: விளக்குகள் அழகாக எரிகின்றன, ரிலேயின் ஒலியும் கேட்கிறது. ஆனால் எந்த இணைப்பிலிருந்தும் பாட்டு வரவில்லை. ரிசீவர் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்கும் என்று முடிவு செய்வதற்கு முன் முன்பலகையில் ‘டேப் மானிட்டர்’ என்ற பொத்தானைத் தேடுங்கள். அது அழுத்தப்பட்டிருந்தால், ரிசீவர் மற்ற எல்லா இணைப்புகளையும் ஒதுக்கிவிட்டு, டேப் ரெக்கார்டரிலிருந்து திரும்பி வரும் ஒலிக்காக மட்டுமே காத்திருக்கும். பதிவாகிக்கொண்டிருப்பதை அப்போதே கேட்டுச் சரிபார்ப்பதற்காக வைத்த வசதி அது. டேப் ரெக்கார்டர் இல்லாத வீட்டில் அதுவே ஊமைத்தனத்துக்குக் காரணமாகிறது. பழுதென்று என்னிடம் கொண்டுவரப்பட்ட ரிசீவர்களில் சிலவற்றை, அந்தப் பொத்தானை விடுவித்து அங்கேயே பாட வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்துப் பின்புறத்தில் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று இரண்டு ஜோடி சாக்கெட்டுகள் உள்ளனவா என்று பாருங்கள். முன்பகுதி ஆம்ப்ளிஃபையரையும் பவர் ஆம்ப்ளிஃபையரையும் இணைக்கும் பாலம் அது. பல ரிசீவர்களில் லாடம் போல வளைந்த இரண்டு உலோகத் துண்டுகள் அங்கே செருகப்பட்டிருக்கும். வீடு மாறும்போதும் துடைக்கும்போதும் அவை தொலைந்துபோவது வழக்கம். பிரிக்கும் ஸ்விட்ச் எதுவும் அங்கே இல்லையென்றால், குட்டையான சாதாரண ஆடியோ கேபிள் ஒரு ஜோடியால், இடதை இடதோடும் வலதை வலதோடும் இணையுங்கள். கடைசியாக ஸ்பீக்கர் தேர்வுக் குமிழ் ‘ஆஃப்’ நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெட்ஃபோனில் கேட்பதற்காக அந்த நிலை பல கருவிகளில் உண்டு.

கேள்வி: புதிதாக வாங்கிய டர்ன்டேபிளை (இசைத்தட்டுச் சுழற்றியை) ரிசீவரின் ‘ஃபோனோ’ சாக்கெட்டில் இணைத்தால் காது கிழியும்படி சிதைந்து கேட்கிறது. நண்பருடைய பழைய டர்ன்டேபிளை ‘ஆக்ஸ்’ என்ற பொது இணைப்பில் இணைத்தாலோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல மெலிந்து கேட்கிறது. இரண்டில் எது கோளாறு?

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை, இரண்டும் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கின்றன. இசைத்தட்டில் பள்ளம் வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். தாழ்ந்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று தட்டில் இடம் போதாது. உயர்ந்த ஒலியைக் கூட்டிப் பதிவதால், திருப்பிக் குறைக்கும்போது தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறைகிறது. இந்தக் கூட்டல் குறைத்தலுக்கு 1950களின் நடுவில் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு நிலைபெற்றது. ஃபோனோ சாக்கெட்டுக்குப் பின்னால் உள்ள சர்க்யூட் அதைத் தலைகீழாக்கிச் சமன்செய்வதோடு, காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய பகுதி) தரும் 3 முதல் 5 மில்லிவோல்ட் சமிக்ஞையை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கவும் செய்கிறது. ஆக்ஸ் இந்த இரண்டையும் செய்யாது.

உங்கள் புதிய டர்ன்டேபிளுக்குள்ளேயே அந்த சர்க்யூட் இருப்பதால், ஃபோனோவில் செருகியபோது ஒலி இரண்டு முறை பெருகிவிட்டது. அதன் பின்புறம் ‘ஃபோனோ’, ‘லைன்’ என்று ஸ்விட்ச் இருந்தால் ஃபோனோவில் வைத்து ரிசீவரின் ஃபோனோவில் செருகுங்கள்; அந்தக் காலத்து ரிசீவர்களின் ஃபோனோ பகுதி பெரும்பாலும் மலிவான டர்ன்டேபிளுக்குள் இருப்பதைவிட மேலானது என்பது என் அனுபவம். ஸ்விட்ச் இல்லையென்றால் ஆக்ஸ்தான் அதற்கு இடம். நண்பருடையதை ஃபோனோவில் இணைத்து, அதிலிருந்து தனியாக வரும் மெல்லிய பூமி வயரை ரிசீவரின் ‘கிரவுண்ட்’ திருகில் முடுக்குங்கள். அதை விட்டுவிட்டால் ஓயாத ரீங்காரம் கேட்கும்.

கேள்வி: ஏ, பி என இரண்டு ஜோடி ஸ்பீக்கர் முனைகள் உள்ளன. நான்கு ஸ்பீக்கர்களையும் ஒரே நேரத்தில் ஓட்டலாமா?

பதில்: பெரும்பாலான ரிசீவர்களில் இரண்டு ஜோடிகளும் இணையாகச் சேரும், அப்போது இரண்டு 8 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கர்கள் சேர்ந்து ரிசீவருக்கு 4 ஓம் சுமையாகும், இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்கள் 2 ஓம் ஆகும். பின்பலகையில் குறித்திருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே சென்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சூடேறி எரியும். அதனால் இரண்டு ஜோடியும் வேண்டுமானால் எல்லாமே 8 ஓம் ஸ்பீக்கர்களாக இருக்கட்டும்.

வயரின் முனையில் ஓர் இழைகூடப் பிரிந்து பக்கத்து முனையைத் தொடாதபடி முறுக்கிச் செருகுங்கள். சிவப்பையும் கறுப்பையும் இரு பக்கமும் ஒரே மாதிரி இணைப்பதும் முக்கியம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் ஒன்றின் கூம்பு முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே போகும். பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி மறைந்துவிடும், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் சிதறும்.

கேள்வி: டிவியையும் கைப்பேசியையும் இதில் இணைக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். கைப்பேசிக்கு ஒரு புளூடூத் ரிசீவரோ, ஹெட்ஃபோன் துளை இருந்தால் 3.5 மில்லிமீட்டர் முனையிலிருந்து ரிசீவரின் ஆடியோ சாக்கெட்டுகளில் பொருந்தும் இரண்டு ஆர்.சி.ஏ. முனைகளாகப் பிரியும் கேபிளோ போதும்; ஆக்ஸில் செருகுங்கள். டிவியில் ஆப்டிகல் (ஒளி வழி டிஜிட்டல்) வெளியீடு மட்டும் இருந்தால், அதை அனலாக் ஒலியாக்கும் சிறு மாற்றிப் பெட்டி தேவைப்படும். டிவியின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்ற சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், எளிய மாற்றிப் பெட்டிகளிலிருந்து சத்தமே வராது.

குமிழைச் சற்றுத் திருப்பியதுமே சத்தம் மிகுதியாக இருந்தால் அஞ்ச வேண்டாம். சுமார் 150 மில்லிவோல்ட்டுக்கே முழுத்திறன் காட்டும்படி அமைந்த ஆக்ஸுக்கு, சிடி பிளேயர் போன்ற கருவிகள் 2 வோல்ட் வரை அனுப்புகின்றன.

கேள்வி: குமிழ்களைத் திருப்பும்போது கரகரவென்று கேட்கிறது, சில நேரம் ஒரு பக்கம் நின்றுவிடுகிறது.

பதில்: தொடுபரப்புகளில் படிந்த தூசும் களிம்பும்தான் காரணம். மின் இணைப்பைத் துண்டித்து, மின்னணுக் கருவிகளுக்கான கான்டாக்ட் கிளீனரைக் மூடிக்குள் குமிழின் பின்னால் இருக்கும் பகுதியின் துளை வழியே சிறிதளவு செலுத்தி, இரு பக்கமும் முப்பது, நாற்பது முறை திருப்புங்கள். துருவுக்கும் கீலுக்கும் அடிக்கும் எண்ணெயை உள்ளே விடாதீர்கள். நன்றாக உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

கேள்வி: எஃப்.எம். நிலையங்கள் இரைச்சலோடுதான் வருகின்றன. சில நிலையங்கள் வரவே இல்லை.

பதில்: ‘300 ஓம்’ என்று குறித்த இரண்டு திருகுகளில் ‘டி’ வடிவ வயர் ஆன்டெனாவைப் பொருத்தி, அதன் குறுக்குக் கை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு நேராக விரிந்திருக்குமாறு சுவரில் உயரமாக மாட்டுங்கள். நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக அது நிற்கும்போது ஒலி தெளியும். வட்ட கேபிள் ஆன்டெனா என்றால் அது 75 ஓம். ரிசீவரில் அதற்குரிய முனை இல்லாவிட்டால் இடையில் சிறிய பொருத்துமாற்றி வேண்டும். டயலின் எண்களையும் பாருங்கள். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் இருந்தால் அது ஜப்பானின் உள்நாட்டுக் கருவி; 90க்கு மேலுள்ள நிலையங்கள் எந்த ஆன்டெனாவிலும் வாரா.

கேள்வி: ரிசீவரின் பின்புறம் இருக்கும் பிளக் துளைகளில் டர்ன்டேபிளின் மின்கம்பியைச் செருகலாமா?

பதில்: அந்தத் துளையருகே குறித்திருக்கும் வாட் அளவுக்குள் இருந்தால் செருகலாம், ‘ஸ்விட்ச்டு’ என்று எழுதியிருப்பது ரிசீவரோடு சேர்ந்து அணையும், ‘அன்ஸ்விட்ச்டு’ எப்போதும் மின்சாரம் தரும். ஆனால் 120 வோல்ட் ரிசீவரை மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அத்துளைகளிலும் 120 வோல்ட்தான் வரும், 230 வோல்ட் டர்ன்டேபிள் அதில் ஓடாது. அதைத் தனியாகச் சுவரிலேயே செருகுங்கள்.