செம்பருத்திக் கிளையில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. குஞ்சுகளுக்கு நாம் ஏதாவது வைக்க வேண்டுமா?

உணவு எதுவும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் வைக்காதீர்கள். தேன்சிட்டு தேன் குடித்தே வாழ்கிறது என்று பலர் நினைக்கிறோம். ஆனால் குஞ்சுகள் வளரப் புரதம் வேண்டும். அதற்காகத் தாயும் தந்தையும் நாள் முழுக்கச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துவந்து ஊட்டும். அதனால் இந்த நாட்களில் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கவே அடிக்காதீர்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால்கூடக் கொஞ்சம் பொறுங்கள்.

கூட்டை எட்ட நின்று பாருங்கள், அவ்வளவு அழகு! நாரையும் புல்லையும் சிலந்தி நூலால் பின்னி, வெளியே மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டிவைத்திருக்கும். பார்த்தால் கிளையில் சிக்கிய குப்பை போலத் தெரியும். அதுதான் அதற்குப் பாதுகாப்பு. சித்திரையில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது வெளிச்சுவர் ஒட்டடையைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். அடுத்த கூட்டுக்கு நூல் அங்கிருந்துதான் வரும்.

நம் பக்கம் அதிகம் தென்படும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு பெரும்பாலும் 2 முட்டை இடும். குஞ்சு பொரிக்கச் சுமார் 15 நாள், அப்புறம் பறக்க இன்னொரு 17 நாள். ஆக ஒரு மாதம் அந்தக் கிளையை வெட்டக் கூடாது, கூட்டைத் தொடவும் கூடாது. அருகில் போய்ப் படம் எடுத்துக்கொண்டே இருந்தால் காகம் கவனித்துவிடும்.

சரி, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், கூட்டிலிருந்து தள்ளி ஒரு மண்தட்டில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள்.